டிரெஸ்டனிலிருந்து பிராக்: 39 யூரோ ஒருநாள் பயணத்தின் நேரக் கணக்கு

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் படிக்க வரும் மாணவர்களில் பெரும்பாலோர் முதல் பருவம் முடிவதற்குள் எப்படியாவது ஒரு சனிக்கிழமை செக் குடியரசின் தலைநகரான பிராக் போய்வந்துவிடுகிறார்கள். இரண்டு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். பேருந்தில் இரண்டு மணி நேரம். இந்த ஆசையை நம்பியே மாணவர்களுக்கென ஒருநாள் பயணம் நடத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் மூலம் விடுதி நண்பர்கள் மூவருடன் அக்டோபர் மாதச் சனிக்கிழமை ஒன்றில் போய்வந்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே நிகழ்ச்சிநிரலைக் கிட்டத்தட்ட இதே விலைக்கு விற்பவர்கள் வேறு சிலரும் இருப்பதால், நான் சொல்லப்போகும் குறைகள் ஒருவருக்கு மட்டும் உரியவை என்று எனக்குத் தோன்றவில்லை. கட்டணம் ஆளுக்கு 39 யூரோ. போக வரப் பேருந்து, வழிகாட்டியுடன் இரண்டரை மணி நேர நடை, அதன்பின் அவரவர் விருப்பப்படி சுற்றிப் பார்க்க நேரம் என்று விளம்பரம் சொன்னது. மதிய உணவுக்கும் படகுச் சவாரிக்கும் விரும்பினால் தனியாகப் பணம் கட்டலாம்.

காலை 7 மணிக்குக் கிளம்ப வேண்டிய பேருந்து 7:25க்குத்தான் கிளம்பியது. நகரின் மறுகோடியில் இன்னொரு இடத்தில் ஆள் ஏற்றப்போகிறார்கள் என்பதை எங்களிடம் முன்பே சொல்லியிருக்கவில்லை. பேருந்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருக்கைகள் அகலமாகவும் சுத்தமாகவும் இருந்தன. ஆனால் நெடுஞ்சாலை மலையைக் கடந்து போவதால், ரயிலில் போகிறவர்களுக்குக் கிடைக்கும் எல்பே நதிக்கரைக் காட்சி, அதாவது இருபுறமும் செங்குத்தாக நிற்கும் மணற்கல் பாறைகள், பேருந்தில் கிடையாது. டிரெஸ்டனில் நாங்கள் தினமும் பார்க்கும் எல்பேயில் பிராக் நகரத்துத் தண்ணீரும் கலந்துதான் வருகிறது. பிராகைக் கடந்து வடக்கே போகும் வல்தாவா நதி மெல்னிக் என்ற ஊரில் எல்பேயோடு சேர்ந்துவிடுகிறது. இதைச் சொன்னவர் எங்கள் வழிகாட்டி. பேருந்து எல்லையைத் தாண்டியதும் ஒலிவாங்கியை எடுத்தவர், நகரத்துக்குள் நுழையும்வரை ஒரு சொல்கூட வீணாகப் பேசவில்லை.

இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு மேல் பெறுமானம் உள்ளதாக இருந்தது அவர் ஒருவர்தான். வரலாற்றில் முதுகலை படிக்கும் செக் நாட்டுப் பெண். ஆண்டுகளை ஒப்பிப்பதைவிட ஒரு கட்டடத்தை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதில் அக்கறை காட்டினார். கோட்டைக் குன்றின் மேலே இறங்கி அரண்மனை முற்றங்களின் வழியே நடந்தபோது, புனித விட்டஸ் பேராலயத்தின் முன்வாசலில் எங்களை நிறுத்தாமல் தெற்குப் பக்கமாக அழைத்துப்போய் சுவரை மட்டும் பார்க்கச் சொன்னார். 1344இல் தொடங்கிய இந்தப் பேராலயம் 1929இல்தான் முடிந்தது. கிழக்குப் பாதி மத்திய காலக் கொத்தர்களின் வேலை. இரட்டைக் கோபுரம் உள்ள மேற்குப் பாதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும் எழுந்தது. கூட்டம் முழுவதும் படமெடுத்துக்கொண்டு நிற்பது அந்தப் புதிய பாதியின் முன்னால்தான் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் இத்தனை பெரிய கோட்டைக்கு நிகழ்ச்சிநிரலில் ஒதுக்கியிருந்த நேரம் 50 நிமிடம். உள்ளே போக நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும், அதற்கு நேரமில்லை. பேராலயத்தில் இலவசமாக விடும் வாசல்பகுதியில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு இறங்கினோம்.

சார்லஸ் பாலத்தில் அவர் எடுத்துக்கொண்ட நாற்பது நிமிடத்தை மட்டும் நான் இன்னும் நீட்டச் சொல்லியிருப்பேன். பேரரசர் நான்காம் சார்லஸ் 1357இல் தொடங்கிவைத்த இந்தப் பாலம் 516 மீட்டர் நீளமும் 16 வளைவுகளும் உடையது. ஓரங்களில் நிற்கும் 30 சிலைகளும் சிலைக்கூட்டங்களும் பெரும்பாலும் பாலத்தைவிட முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இளையவை. அவற்றில் பல இப்போது நகல்கள் என்பதையும், மூலச் சிலைகளை மழையிலிருந்தும் புகையிலிருந்தும் காப்பாற்ற அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1393இல் அரசரின் ஆணைப்படி ஆற்றில் வீசப்பட்ட பாதிரியார் யோவான் நெப்போமுக்கின் வெண்கலச் சிலை 1683இல் வைக்கப்பட்டது. அதன் பீடத்தில் உள்ள புடைப்புச் சிற்பங்களைத் தொட்டால் நினைத்தது நடக்கும் என்ற நம்பிக்கையில் ஆயிரக்கணக்கான விரல்கள் தேய்த்துத் தேய்த்து, சுற்றியுள்ள உலோகமெல்லாம் கறுத்திருக்க, வீழும் பாதிரியாரும் பக்கத்துச் சிற்பத்தில் உள்ள நாயும் மட்டும் பொன்னாக மின்னுகின்றன. வரிசையில் நின்று நாயைத் தொட்டவர்களில் நானும் ஒருவன். தொட்டு முடித்த பிறகுதான், சில அடி தள்ளிக் கைப்பிடிச் சுவரில் பதித்திருக்கும் சிறிய சிலுவையைக் காட்டி, பாதிரியாரை வீசியதாகச் சொல்லப்படும் இடம் அதுதான் என்றார் வழிகாட்டி.

பாலத்தின் சுண்ணாம்புச் சாந்தில் முட்டை கலந்தார்கள் என்றும், ஊர் ஊராக முட்டை அனுப்பச் சொன்னபோது வெல்வாரி என்ற ஊர்க்காரர்கள் வழியில் உடையக் கூடாதே என்று அவித்து அனுப்பிவிட்டார்கள் என்றும் ஒரு கதை உண்டு. அதை அவர் கதை என்றே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

பழைய நகரச் சதுக்கத்தின் வானியல் கடிகாரத்தின் முன் பகல் 12 மணிக் காட்சிக்காகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1410இல் செய்யப்பட்டு இன்றும் ஓடும் இந்தக் கடிகாரத்தில் மணிதோறும் நடக்கும் காட்சி ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்: எலும்புக்கூடு கயிற்றை இழுக்கிறது, மேலே இரண்டு சன்னல்களில் அப்போஸ்தலர்கள் ஒருவர்பின் ஒருவராக எட்டிப் பார்க்கிறார்கள், பொற்சேவல் கூவுகிறது, பிறகு மணி அடிக்கிறது. என் நண்பன் ஒருவன் ‘இதுக்காடா அரை மணி நேரம் நின்னோம்?’ என்று கேட்டதில் நியாயம் இருந்தது. பார்க்க வேண்டியது பொம்மைகளை அல்ல, முகப்பை. வெளிவளையத்தில் உள்ள எண்கள் சூரியன் மறையும் நேரத்திலிருந்து மணியைக் கணக்கிட்ட பழைய செக் முறைக்கு உரியவை. அதனால் அந்த வளையம் பருவத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்கிறது. கூட்டம் கலைந்த பிறகு பத்து நிமிடம் நின்றால் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். எல்லோரும் கைபேசியை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும் அந்த ஒரு நிமிடம் பிக்பாக்கெட்காரர்களுக்கு நல்ல நேரம் என்பதால், பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளும்படி வழிகாட்டி எச்சரித்தார்.

அவருடைய பொறுப்பு அத்தோடு முடிந்தது. பயணத்தின் தரமும் அங்கேதான் இறங்கத் தொடங்கியது. 14 யூரோ கட்டிய நாங்கள் சதுக்கத்துக்கு அருகில் ஒரு நிலவறை உணவகத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டோம். எங்களுக்கு முன்பே இரண்டு பேருந்துக் கூட்டங்கள் அங்கே உட்கார்ந்திருந்தன. சாறு வற்றிய மாட்டிறைச்சிக் குழம்பும் மாவு உருண்டைத் துண்டுகளும் வந்துசேர 55 நிமிடம் ஆயிற்று. சைவம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்த நண்பனுக்குப் பொரித்த பாலாடைக்கட்டி வந்தது. அது செக் நாட்டில் வழக்கமான உணவுதான், அவனும் ரசித்தே சாப்பிட்டான். கேட்காமல் மேசையில் வைத்த ரொட்டிக்கும், கேட்டு வாங்கிய தண்ணீருக்கும் தனி ரசீது வந்தபோதுதான் மனம் கசந்தது. வெளியே வரும்போது மணி 1:40. காலையில் எழுந்து புளியோதரை கிளறி டப்பாவில் கொண்டுவந்திருந்த, எங்கள் நால்வரில் மீதி ஒருவன், அதற்குள் ஆற்றங்கரை பெஞ்சில் சாப்பிட்டு முடித்து பாலத்தை இன்னொரு முறை நடந்து பார்த்திருந்தான்.

பணம் மாற்றுவது பற்றியும் நிறுவனம் வாய் திறக்கவில்லை. செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அதன் நாணயம் கொரூனா. சில கடைகள் யூரோ வாங்கினாலும் தங்களுக்குச் சாதகமான விலையில்தான் வாங்கும். கார்டு ஏறக்குறைய எல்லா இடத்திலும் செல்லும். சதுக்கத்தைச் சுற்றியுள்ள நாணய மாற்றுக் கடைகளில் பலகையில் தெரியும் விலை ஒன்றாகவும் கையில் வரும் தொகை வேறாகவும் இருக்கலாம். அப்படி ஏமாந்தால், 2019 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி 1000 யூரோ வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரசீதுடன் திரும்பிப் போய் ரத்து செய்யலாம். எங்கள் பேருந்தில் வந்த முதலாமாண்டு மாணவி ஒருவர் 50 யூரோ மாற்றிவிட்டு விழித்தபோது, விடுதியில் ஓர் அண்ணன் சொல்லியிருந்ததால் இதை அவரிடம் சொல்ல முடிந்தது. முகம் சுளித்தாலும் கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

என் முதன்மையான குறை இனிமேல்தான் வருகிறது. விளம்பரத் தாளில் நான்காவது இடமாக, படத்துடன், யூதர் குடியிருப்பு இருந்தது. நான் இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டியதே அதற்காகத்தான். பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் உட்சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட, இன்றைய செக் நாட்டின் பகுதிகளான பொஹீமியா, மொராவியாவைச் சேர்ந்த யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. அதை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில், இடம் போதாமல் அடுக்கின்மேல் அடுக்காகப் புதைத்ததால், சுமார் 12,000 கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. 2:05க்கு அங்கே போனேன். கதவு பூட்டியிருந்தது. யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்த இடங்கள் எல்லாம் சனிக்கிழமைகளிலும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும். 1270 வாக்கில் கட்டப்பட்ட பழைய-புதிய தொழுகைக்கூடத்துக்குள்ளும் அன்று பார்வையாளர்களை விடுவதில்லை. சனி அவர்களுடைய ஓய்வுநாள், மூடத்தான் வேண்டும். சனிக்கிழமை மட்டுமே பேருந்து விடும் நிறுவனம் அந்த இடத்தின் படத்தைப் போட்டுச் சீட்டு விற்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முன்கூட்டி விசாரிக்காதது என் தவறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மீதி இருந்த மூன்றே கால் மணி நேரத்தைப் படகில் கழிக்க மனமில்லாமல் மறுபடி கோட்டைக்கே போனேன். மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஆற்றுக்கு அடியில் ஒரே நிறுத்தம், அங்கிருந்து 22ஆம் எண் டிராம். காகிதப் பயணச்சீட்டை வாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் பெட்டியில் செருகி நேர முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால் சீட்டே இல்லாதவரைப்போல அபராதம் கட்ட நேரும். 26 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்குக் கோட்டை நுழைவுச்சீட்டில் சலுகை உண்டு. பேராலயத்தின் வடக்குப் பக்கத்தில் ஓவியர் அல்ஃபோன்ஸ் முகா வடிவமைத்து 1931இல் பொருத்தப்பட்ட கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. பச்சையும் நீலமும் ஓரங்களில் தொடங்கி, நடுவில் பாட்டி லுட்மிலாவின் அருகே இருக்கும் சிறுவன் வாக்லாவை (பின்னாளில் செக் நாட்டின் காவல் புனிதர்) நெருங்க நெருங்கச் சிவப்பும் பொன்னுமாக மாறுகின்றன. கீழே பார்த்தால் பணம் கொடுத்த ஸ்லாவியா வங்கியின் பெயர்! நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயரைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுத்தாளர் காஃப்கா 1916–17இல் எழுதுவதற்காகப் பயன்படுத்திய 22ஆம் எண் குட்டி வீடு கோட்டைக்குள்ளேயே உள்ள பொன் சந்து என்ற தெருவில் இருக்கிறது. இப்போது கடையாகிவிட்ட அதை இரண்டு நிமிடத்தில் பார்த்து முடிக்கலாம்.

திரும்பும் வழியில் ஜெர்மன் எல்லையில் காவலர்கள் பேருந்தில் ஏறினார்கள். எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதிக்குள் சோதனை இருக்காது என்று பலர் நம்புகிறார்கள். இந்த எல்லையில் 2023 முதல் தற்காலிகச் சோதனை நடத்தப்பட்டுவருகிறது. நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல் ‘அடையாள அட்டை கொண்டுவரவும்’ என்று மட்டும் சொன்னதால், ஒரு மாணவர் பல்கலைக்கழக அட்டையோடு வந்திருந்தார். அவருடைய அறைத்தோழர் கடவுச்சீட்டையும் தங்கும் அனுமதி அட்டையையும் படமெடுத்து அனுப்பி, விவரங்களைச் சரிபார்த்து முடிக்க 40 நிமிடம் பேருந்து நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவர்கள் இரண்டின் மூலப்பிரதியையும் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற ஒரு வரியை அந்த மின்னஞ்சலில் சேர்ப்பதற்கு என்ன செலவாகிவிடும்?

விடுதிக் கதவைத் தாண்டி வெளியே இருந்த நேரம் பதினான்கு மணிக்குச் சற்று அதிகம். அதில் நகரத்தைப் பார்த்தது, கடிகாரத்தின் முன் நின்றதையும் சேர்த்து, ஆறு மணி நேரம்கூட இல்லை. முதல் முறை தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் அந்த வழிகாட்டிக்காகவே 39 யூரோ கொடுக்கலாம்; உணவுக்கும் படகுக்கும் பணம் கட்ட வேண்டாம். ஓரளவு பழகியவர்களுக்கு என் பரிந்துரை வேறு. முன்பதிவு செய்தால் சாதாரணப் பேருந்தில் போக வர எனக்கு ஏறத்தாழ 30 யூரோ ஆகியிருக்கும். ஞாயிறு காலை யூதர் குடியிருப்பையும் மதியத்துக்குமேல் கோட்டையையும் பார்க்கும்படி திட்டமிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாடு நடப்பதால் பேராலயத்துக்குள் சுற்றுலாப் பயணிகளை நண்பகலுக்குப் பிறகுதான் விடுகிறார்கள்.

விளம்பரத் தாளில் இருந்த அந்தப் படத்தைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்து வருத்தம் தெரிவித்து, அடுத்த பயணத்துக்கு ஐந்து யூரோ தள்ளுபடிச் சீட்டு ஒன்றை அனுப்பினார்கள். சனிக்கிழமைகளில் மட்டும் செல்லும் என்று அதன் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.