டபிள்யூபிரின்ட்எஃப்: கனகாலம் பாவிச்ச பிறகு

யாழ்ப்பாணத்துக் கடையொண்டுக்குத் தமிழில ரசீது அடிக்கிற புரோகிராமை சி-யில எழுதுற தம்பி ஒருவர், டபிள்யூபிரின்ட்எஃப் (wprintf, 'வைட்' எழுத்துகளை அச்சிடுற சி கட்டளை) பாவிக்கலாமோ எண்டு கேட்டார். லினக்ஸில அதோட கனகாலம் மாரடிக்கிற ஆளின்ர பதில் இது.

நல்லதை முதல்ல சொல்லுவம். 'யாழ்ப்பாணம்' யூடிஎஃப்-8 எண்ட வழமையான எழுத்துக் குறியீட்டில 33 பைட். வைட் எழுத்தில, எழுத்து, கால், புள்ளி ஒவ்வொண்டும் ஒரு அலகா, 11 அலகுதான். புள்ளியைத் தேட 3021 எண்ட ஒரே எண்ணோட ஒப்பிட்டால் போதும். எழுத்தெழுத்தாப் பார்க்கிற வேலைக்கு இதைவிடச் சுகமானது சி-யில இல்லை.

செட்லோகேல் (setlocale, எந்த மொழி அமைப்பு எண்டு புரோகிராமுக்குச் சொல்லுற கட்டளை) எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அதை விட்டால் தமிழுக்குப் பதிலாக் கேள்விக்குறி வரும். குறிச்ச நேரத்துக்குப் புரோகிராமைத் தானா ஓட்டுற கிரொனில (cron) ஓடேக்கையும் அதே கதி, அங்க மொழியைச் சொல்லுற லாங் (LANG) மாறி பெரும்பாலும் இராது.

என்ர கோவம் வேற இடத்தில. புரோகிராமின்ர வெளியீடு போற ஸ்ட்ரீமான ஸ்டிடிஅவுட்டில (stdout) முதல் எழுதுறவர் ஆரோ, அவரின்ர சாதிதான், பைட்டோ வைட்டோ, அந்த ஸ்ட்ரீமுக்கு. தொடக்கத்தில ஒரு சாதாரண பிரின்ட்எஃப் போனால் அது பைட் ஸ்ட்ரீம். பிறகு வாற டபிள்யூபிரின்ட்எஃப் எல்லாம் மைனஸ் ஒண்டைத் திருப்பித் தந்திட்டுச் சும்மா இருக்கும். திரையில பிழைச் செய்தி இல்லை, ஒண்டும் இல்லை. அந்தத் திருப்பி வாற எண்ணை ஆர் பார்க்கிறது? பிழை தேட நீங்கள் போடுற பிரின்ட்எஃப் வரியே பிழையை உண்டாக்கும். ஸ்ட்ரீமின்ர சாதியைக் குறிக்கிற எஃப்வைட் (fwide) இதைத் திருப்பி மாத்தாது. எஃப்ரீஓபனால (freopen) ஸ்ட்ரீமைத் திரும்பத் திறந்தால்தான் பழைய நிலைக்கு வரும். பிழை தேடுற வரிகளைப் பிழைச் செய்திக்கான ஸ்டிடிஎரருக்கு (stderr) அனுப்புங்கோ, அது தனி ஸ்ட்ரீம்.

ரசீதில மேலிருந்து கீழ வாற நிரலை நேராக்கிறதும் ஏமாத்து. அகலம் 20 எண்டு குடுத்தால் 'யாழ்ப்பாணம்' 9 இடைவெளி பெறும், 'நல்லூர்' 13 பெறும். ஆனா கண்ணுக்குத் தெரியிறது 6 எழுத்தும் 4 எழுத்தும். விலை நிரல் நேரா நிக்காது. கொடிகாமத்தின்ர 'கொ'-வை ஆரேனும் ஒற்றைக்கொம்பும் காலுமாப் பிரிச்சு அடிச்சிருந்தால் இன்னும் ஒரு இடம் குறையும்.

வின்டோஸுக்கும் கொண்டுபோற எண்ணம் இருந்தால், அங்க வைட் எழுத்து 2 பைட், லினக்ஸில 4. தமிழுக்கு 2 காணும், ஆனா அங்க டபிள்யூபிரின்ட்எஃப்புக்குள்ள சதவீத எஸ் (%s, எழுத்துத் தொடரை அச்சிடுற குறி) எண்டதின்ர அர்த்தமே வேற.

ஆகவே தம்பி, பாவியாதேங்கோ. உள்ளுக்குள்ள வைட்டா வைச்சிருந்து, வெளியில விடேக்கை பிரின்ட்எஃப்பில சதவீத எல்எஸ் (%ls, வைட் எழுத்துத் தொடருக்கான குறி) போடுங்கோ. என்ர பழைய புரோகிராமில டபிள்யூபிரின்ட்எஃப் அப்பிடியே கிடக்குது. அதை நான் மாத்தப் போறதில்லை, நல்லாத்தான் ஓடுது.