சூடேறினால் ஸ்டாட் ஆகாத கார்: கல்வியங்காட்டுக் கராஜ் ஒன்றைப் பற்றி

யாழ்ப்பாணத்துக் கல்வியங்காட்டில், பருத்தித்துறை வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றுக்குள் இருக்கும் இந்தக் கராஜுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சூடேறிய பின் நிறுத்தினால் மீண்டும் ஸ்டாட் ஆகாத காரை அங்கே கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு, தாராளமாகப் போகலாம், ஆனால் காரின் சூடு ஆறுமுன் போய்ச் சேர வேண்டும் என்பதே எனது பதில்.

எனது கார் 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வந்த யப்பானியப் பெற்றோல் கார். காலையில் திறப்பைத் திருப்பியதும் ஸ்டாட் ஆகும்; சாவகச்சேரிச் சந்தையில் நிறுத்திவிட்டு மரக்கறியோடு திரும்பி வந்தால் ஆகாது; முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடவாததுபோல் ஓடும். முன்னர் காட்டிய இடங்களில் பற்றறியை மாற்றினார்கள், பிளக்குகளை மாற்றினார்கள், பெற்றோல் பம்பையும் மாற்றினார்கள்; ஒவ்வொரு தடவையும் ஆறிய காரை ஸ்டாட் பண்ணிக் காட்டியே கணக்கை முடித்தார்கள்.

இந்தக் கராஜ்காரரோ தொலைபேசியிலேயே, "அண்ணை, ஸ்டாட்டர் வழமைபோல சுத்துதோ, இல்லாட்டி இழுத்து இழுத்துச் சுத்துதோ?" என்று கேட்டார். பாதி வேலை இந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடுகிறது. இழுத்துச் சுற்றினால், அல்லது சுற்றாமலே நின்றால், ஸ்டாட்டர் மோட்டரையும் பற்றறி வயர்களையும் எர்த் இணைப்பையும் பார்க்க வேண்டும். நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால், தீப்பொறியோ பெற்றோலோ சென்சர் ஒன்றின் சமிக்ஞையோ வராமல் நிற்கிறது என்று பொருள். எனது கார் இரண்டாவது வகை. "அப்ப சூட்டோட கொண்டுவாங்கோ, ஆறின காரைப் பாத்து நான் என்ன சொல்லுறது?" என்றார்.

கொண்டுபோனதும் அவர் பொனற்றைத் திறக்கவில்லை என்பதுதான் என்னைக் கவர்ந்தது. தானே காரை எடுத்துக்கொண்டு கோப்பாய்ப் பக்கமாக நன்றாக ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை நிறுத்தி, பொனற்றை மூடியபடியே கால் மணி நேரம் விட்டுவைத்தார். எஞ்சின் நின்றவுடன் தண்ணீர்ப் பம்பும் நின்றுவிடுவதாலும் ஓட்டத்தில் கிடைக்கும் காற்று இல்லாமற் போவதாலும், எஞ்சினின் உலோகத்தில் தேங்கிய வெப்பம் சுற்றியுள்ள பாகங்களுக்கு ஏறுகிறது. ஓடும்போது தாக்குப்பிடித்த சென்சர் ஒன்று இந்த இடைவேளையிலேயே கைவிடக்கூடும். அதன்பின் எஞ்சின் கணினியின் தரவுகளை வாசிக்கும் ஸ்கானரை இணைத்து, என்னைத் திறப்பைத் திருப்பச் சொன்னார். ஸ்டாட்டர் கடகடவென்று சுற்றியது. ஸ்கானரின் திரையில் எஞ்சின் வேகம் பூச்சியத்திலேயே நின்றது. எஞ்சின் சுற்றுவது எஞ்சின் கணினிக்குத் தெரியவில்லை என்பதால், எப்போது தீப்பொறி கொடுப்பது, எப்போது பெற்றோல் விசிறுவது என்ற கணக்கே அதற்கு இல்லாமற் போகிறது. அந்தச் சமிக்ஞையைக் கொடுப்பது, எஞ்சினின் கிராங்க் தண்டு சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சர். கோளாறைக் கண்டால் கணினி பதிந்துவைக்கும் பழுதுக் குறியீடு எதுவும் பதிவாகியிருக்கவில்லை. குறியீட்டை மட்டும் வாசித்துவிட்டுக் காரில் ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள் எங்கே தவறவிடுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அத்தோடு அவர் விட்டுவிடவில்லை. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைச் சென்சர்மேல் சிறிது நேரம் வைத்திருந்தார். அதன்பின் திறப்பைத் திருப்பியதும் கார் பிடித்தது. பின்னர் சென்சரைக் கழற்றி, மல்ற்றிமீற்றரின் முனைகளைப் பொருத்தி, ஹீட் கன்னால் சூடாக்கிக் காட்டினார். அது இரண்டு வயர் கொண்ட காந்தச் சுருள் வகை. ஆறியிருக்கையில் ஒழுங்காகக் காட்டிய மின்தடை, சூடு ஏற ஏறத் தடுமாறி, ஒரு கட்டத்தில் சுருள் அறுந்ததாகவே காட்டியது. குளிர்நீர் வெப்பச் சென்சரையும் விட்டுவைக்கவில்லை: இத்தகைய கார்களில் அதன் தடை 20 பாகை செல்சியஸில் 2 முதல் 3 கிலோ ஓம் வரையும், 80 பாகையில் சுமார் 300 ஓமும் இருக்க வேண்டும் என்றும், சூடான எஞ்சினைக் குளிர்ந்திருப்பதாக அது பொய் சொன்னால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சி ஊற்றப்பட்டு இதே கோளாறு வரும் என்றும் விளக்கினார். எனது காரில் அது சரியாகவே இருந்தது.

பழுது பார்த்ததற்கு 3,500 ரூபா எடுத்தார். சென்சரை நானே வாங்கிக் கொடுத்தேன், பூட்டியதற்குத் தனிக்கூலி கேட்கவில்லை. பாவித்த சென்சர் மலிவாகக் கிடைத்தாலும், அதுவும் இதே வயதுடையது என்பதால் வேண்டாம் என்று அவரே தடுத்தது நேர்மையான செயல். இப்போது சாவகச்சேரி வெயிலில் நிறுத்திவிட்டு வந்தாலும் கார் முதல் சுற்றிலேயே பிடிக்கிறது.

குறைகளும் உண்டு. முன்கூட்டிச் சொல்லாமல் போனால் அரை நாள் காத்திருக்க நேரிடும். இருப்பதற்கு ஒரு வாங்கும் வேப்பமர நிழலும்தான். கேட்டாலொழிய ரசீது எழுதுவதில்லை, எழுதினாலும் மாற்றிய பாகத்தின் இலக்கம் அதில் இராது. ஆகவே சென்சரின் பெட்டியை நீங்களே பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் சுற்றுவட்ட வீதிகள் மூடப்படுவதால், நகர்ப்பக்கத்திலிருந்து வருபவர்கள் பாதையைக் கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது. டீசல் வாகனங்களை அவர் எடுப்பதில்லை.