லூமினன்ஸ் எச்டிஆர்: காலி முகத்திடல் அந்திக்கு இலவச மென்பொருள் போதுமா?

கொழும்பு காலி முகத்திடலில் கடலைப் பார்த்து நின்று அந்தி வானத்தை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். வானத்துக்கு எக்ஸ்போஷர், அதாவது கமராவுக்குள் விடும் ஒளியின் அளவு, வைத்தால் புல்வெளியும் ஆட்களும் கறுத்துப் போவார்கள். புல்வெளிக்கு வைத்தால் வானம் வெளுத்து முகிலே இல்லாமல் போகும். ஒரே காட்சியை வெவ்வேறு எக்ஸ்போஷரில் மூன்று தரம் எடுத்து ஒன்றாக்கும் எச்டிஆர் முறை இதற்காகவே இருக்கிறது. அதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. லூமினன்ஸ் எச்டிஆர் திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் நிறுவ வேண்டியது இதைத்தான் என்பது எங்கள் முடிவு. அசையும் பொருள்களில் மட்டும் இதை முழுதாக நம்பக் கூடாது.

மென்பொருளில் தெரியும் குறைகளில் பாதி கமராவிலேயே தொடங்கியவை. கமராவில் வைக்க வேண்டியவை: அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) மாறாத அப்பர்ச்சர் ப்ரயோரிட்டி முறை, எஃப் 8, ஐஎஸ்ஓ 100, சென்சர் பதிந்த மூலத் தரவான ரோ கோப்பு. வெவ்வேறு எக்ஸ்போஷரில் தொடர்ந்து எடுக்கும் ப்ராக்கெட்டிங்கை −2, 0, +2 என்று வைத்தால் ஷட்டர் வேகம் மட்டும் மாறும். அப்பர்ச்சர் மாறினால் கூர்மையின் ஆழமும் மாறி மூன்று படமும் பொருந்தாது. வைட் பலன்ஸை ஆட்டோவில் விடாமல் டேலைட்டில் நிறுத்துங்கள். ஃபோகஸை ஒரு தரம் பிடித்துவிட்டு மனுவலுக்கு மாற்றுங்கள். ட்ரைபொட்டில் இருக்கும்போது லென்ஸின் அதிர்வுத் தடுப்பை நிறுத்திவிடுவது நல்லது. கனன் கமராவில் 2 செக்கன் டைமர் போட்டால் மூன்றும் தொடர்ந்து விழும். நிக்கோன் டி3500 இல் தானியங்கி ப்ராக்கெட்டிங் கிடையாது. மனுவல் முறையில் ஷட்டரை மட்டும் 1/500, 1/125, 1/30 என்று மாற்றினால் அதே இரண்டிரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்பது ஒளி இருமடங்காவது) இடைவெளி கிடைக்கும்.

எடுத்ததும் இடப்புறம் இருளையும் வலப்புறம் வெளிச்சத்தையும் காட்டும் வரைபான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மிக இருண்ட படத்தில் வரைபு வலது ஓரத்தை முட்டக் கூடாது. மிக வெளிச்சமான படத்தில் இடது ஓரத்தை முட்டக் கூடாது. சூரியனே சட்டத்துக்குள் இருந்தால் −2 போதாது. −4 இல் இன்னொரு படம் எடுக்க வேண்டும், அல்லது முகிலுக்குப் பின்னால் அது போகும்வரை பொறுக்க வேண்டும். கொழும்பில் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குவதால் மறைந்தபின் நல்ல வெளிச்சம் இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் நிற்கும். அமைப்புகளை எல்லாம் அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும்.

இனி மென்பொருள். புதிய எச்டிஆர் படம் என்பதைத் தெரிவு செய்து மூன்று கோப்பையும் ஏற்றினால், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஈவீ (எக்ஸ்போஷர் அளவு) மதிப்பு தெரியும். அதைக் கோப்பில் பதிந்திருக்கும் கமராத் தகவலிலிருந்து எடுக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய கோப்பில் அந்தத் தகவல் அழிந்துபோகும்; பிறகு கையால் நிரப்ப வேண்டும். மெமரி கார்ட்டிலிருந்து நேராகப் பிரதி எடுங்கள். படங்களை ஒன்றோடொன்று பொருத்துவதற்கு மென்பொருள் எம்டிபி, ஹுகின் என்று இரண்டு வழி தருகிறது. எம்டிபி விரைவானது, ஆனால் மேல் கீழ், இடம் வலம் மட்டுமே நகர்த்தும். கையில் பிடித்து எடுத்த படம் சற்றுச் சரிந்திருந்தால் ஹுகின் வழியைத் தெரிவு செய்யுங்கள். லினக்ஸ் பாவிப்பவர்கள் ஹுகின் கருவிகளைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

அடுத்தது பேய் உருவம், அதாவது அசைந்த பொருள் இணைத்த படத்தில் பல தரம் மங்கலாகத் தெரிவது. காலி முகத்திடல் வானத்தில் பட்டங்கள் இருக்கும். ஒரு பட்டம் மூன்று படத்திலும் மூன்று இடத்தில் நின்றால், இணைத்த படத்தில் மூன்று மங்கல் பட்டம் தெரியும். தானாகப் பேய் நீக்கும் வசதி பெரிய பட்டத்தைப் பிடித்துவிடுகிறது. நூலையும் தூரத்துச் சிறு பட்டத்தையும் தவற விடுகிறது. கையால் மறைப்பு வரைந்து ஒதுக்கும் வசதியும் உண்டு, அதற்குப் பொறுமை வேண்டும். அலைக்கு இரண்டுமே சரிவராது. ஓயாமல் உருமாறும் நுரை சாம்பல் பூச்சாகிவிடும். நடுப் படத்தின் கடலை மட்டும் எடுத்து கிம்ப் மென்பொருளில் மேல் அடுக்காக வைப்பதுதான் சுத்தமான தீர்வு. கொழும்பின் நடுவிலுள்ள பேரே வாவியில் தண்ணீர் அடங்கிக் கிடக்கும் காலை நேரம் தொடங்குவதற்கு ஏற்றது. அந்த வாவியில் இருக்கும் பௌத்த விகாரையான சீமா மாலக்கவின் கூரை நிழலும் வெளி வானமும் நல்ல பயிற்சி தரும். அசையாமல் இருக்க மாட்டாதவை கூழைக்கடாக்கள் மட்டுமே.

இணைத்த படத்தின் பரந்த வெளிச்ச வேறுபாட்டைத் திரையில் காட்டக்கூடிய அளவுக்குச் சுருக்குவதுதான் டோன் மேப்பிங்; அதன் சாளரத்தில் பத்துக்கு மேற்பட்ட முறைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து நேரத்தைத் தொலைக்காதீர்கள். 2006 இல் வெளிவந்த மான்டியுக் முறையில் தொடங்குங்கள்: கான்ட்ராஸ்ட் 0.1, சச்சுரேஷன் 0.8, டீடெயில் 1. சச்சுரேஷனை ஏற்றினால் அந்தி வானம் பஞ்சுமிட்டாய் நிறத்துக்குப் போய்விடும். 2002 இன் ஃபட்டால் முறை முகிலில் கண்ணைப் பறிக்கும் விவரம் காட்டும், ஆனால் நிழல்களில் இரைச்சலை இழுத்து வெளியே கொண்டுவரும். ட்ராகோ முறை அடக்கமானது, மக்கள் நிற்கும் படத்துக்கு உகந்தது. மான்டியுக், ஃபட்டால் இரண்டிலும் சிறிய அளவில் பார்த்த தோற்றம் முழு அளவில் அப்படியே வராது. ஆகவே கடைசி முடிவை முழு அளவில் ஓட்டிப் பார்த்தே எடுங்கள்.

பார்க்கும்போது நூறு வீதத்துக்குப் பெருப்பித்து, வானத்தை வெட்டி நிற்கும் விளிம்புகளைத் தேடுங்கள். வாவிக்கு அப்பால் ஏறக்குறைய 350 மீற்றர் உயரத்தில் நிற்கும் தாமரைக் கோபுரத்தின் தண்டைச் சுற்றி வெண்மையான ஒரு பட்டி தெரிந்தால் டீடெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், அது மங்கும். விளிம்பில் ஊதாக் கோடு தெரிந்தால் அது லென்ஸின் குறை. இணைப்பதற்கு முன்பே ரோ கோப்பில் நீக்கியிருக்க வேண்டும். வானத்தில் வட்டமான அழுக்குகள் சென்சர் தூசி அல்லது லென்ஸில் ஒட்டிய உப்புத் துளி. ஒற்றைப் படத்தில் கண்ணில் படாத இவற்றை எச்டிஆர் எடுப்பாகக் காட்டிவிடும். கடற்கரையில் ஒவ்வொரு தொகுதிக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள்.

லெப்டொப்பின் நினைவகமும் முக்கியம். 24 மெகாபிக்சல் படம் ஒன்று உள்ளே விரியும்போது 288 மெகாபைட் பிடிக்கும். மூன்றுக்கு ஏறக்குறைய 860, அதற்கு மேல் கணக்கீட்டுக்கான இடம். 4 ஜிகாபைட் இயந்திரத்தில் திணறும், 8 இல் மூன்று படம் ஓடும். சிலவேளை இடையில் உறைந்து மூடியும் விடும். இணைத்து முடிந்த உடனேயே எச்டிஆர் தரவை முழுதாக வைத்திருக்கும் ஓப்பன்இஎக்ஸ்ஆர் கோப்பாகச் சேமித்துவிட்டால், டோன் மேப்பிங்கின்போது மூடினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இறுதிப் படத்தை ஜேபெக்கில் வைக்காமல் 16 பிட் டிஃப்பில் வைத்து மிச்ச வேலையை வேறு மென்பொருளில் செய்யுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் எச்டிஆர் மென்பொருளான ஃபோட்டோமேட்டிக்ஸ் இதைவிட வேகம், பேய் நீக்குவதிலும் கெட்டி. அதன் பரீட்சார்த்தப் பதிப்பு படத்தில் நீர்க்குறி பதிக்கும், நீக்க உரிமம் வாங்க வேண்டும். படம் திருத்தும் அடோபியின் லைட்ரூமுக்கு ஏற்கெனவே சந்தா கட்டுகிறவர்களுக்கு லூமினன்ஸ் தேவையில்லை. 2015 முதல் அதிலேயே இணைக்கும் வசதி இருக்கிறது, கிடைக்கும் டிஎன்ஜி கோப்பை வழக்கமான ரோ போலவே திருத்தலாம்.