ஸ்டெப் 1 வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

கோலாலம்பூரில் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் மெடிக்கல் ஆபீசராக வேலை செய்கிறேன். அமெரிக்காவில் ரெசிடென்சி, அதாவது சிறப்பு மருத்துவப் பயிற்சி, செய்ய வேண்டும் என்பது ஹவுஸ்மேனாக (பயிற்சி மருத்துவராக) இருந்த காலத்து ஆசை. அதற்கு யுஎஸ்எம்எல்இ எனும் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுகள் எழுத வேண்டும். முதல் படியான ஸ்டெப் 1 மட்டுமே ஒரே நாளில் எட்டு மணி நேரம், 280 கேள்விகள் வரை வரும். ஆன்-கால் முடிந்து வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் இரண்டாவது பக்கத்திலேயே கண் சொருகிவிடும். எங்களுக்குப் பஞ்சம் நேரத்துக்குத்தான். அது வகுப்பு நடத்துகிறேன் என்று எங்களிடம் பணம் வாங்கிய ஆளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

2024-இல் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் வார இறுதி வகுப்பு. நடத்தியவர் நம் தமிழ் ஆள்தான். "தங்கச்சி, நம்ம பிள்ளைங்க மேல வரணும்" என்று பேசினார். பதினாறு வகுப்புகள், இணையத்தில் பயிற்சிக் கேள்விகள் தரும் கேள்வி வங்கிக்கு ஆறு மாதச் சந்தா, தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து சொன்ன பழைய கேள்விகளின் 'ரீகால்' தொகுப்பு, தோற்றால் முழுப் பணமும் திரும்ப. மொத்தம் 4,800 ரிங்கிட். டுயிட்நவ் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பியபோது திரையில் வந்தது நிறுவனத்தின் பெயர் இல்லை, ஏதோ ஒரு தனிநபர் பெயர். பார்த்தேன், கேட்கவில்லை.

மூன்று வகுப்புகள் நடந்தன. அப்புறம் "வீடியோ அனுப்புகிறேன், உங்கள் நேரத்துக்குப் பார்க்கலாம்" என்றார். வேலை செய்கிறவளுக்கு இது வசதிதானே என்று நானும் நினைத்தேன். வீடியோவின் வலது மூலையில் ஒரு கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தது. சிறுநீரகப் பாடத்தில் ஓரிடத்தில் அந்தப் பட்டை ஒரு நொடி நகர, அடியில் வேறொரு ஆசிரியரின் பெயர் தெரிந்தது. யாரோ உழைத்து எடுத்த பாடத்தை எங்களுக்கு விற்றிருக்கிறார்.

கேள்வி வங்கிதான் என்னை அதிகம் அழ வைத்தது. ஒரே கணக்கை பதினோரு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார். விடிகாலை மூன்றரை மணிக்கு ஒரு நோயாளியை அட்மிட் செய்துவிட்டு, கிடைத்த இருபது நிமிடத்தில் உட்காருவேன். ஐந்தாவது கேள்வியில் வேறு யாரோ உள்ளே வர, என்னை வெளியே தள்ளிவிடும். அதைவிடப் பெரிய கேடு, அங்கே தெரிந்த மதிப்பெண் எங்கள் பதினோரு பேருடைய பதில்களின் கலவை. நான் எதில் பலவீனம் என்று நான்கு மாதமாக எனக்கே தெரியாமல் படித்திருக்கிறேன். கடைசியில் கேள்வி வங்கி நிறுவனத்தார் விதிமீறல் என்று கணக்கையே முடக்கிவிட்டார்கள்.

ரீகால் விஷயத்தைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜனவரியில், கேள்விகள் முன்கூட்டியே தெரிந்திருந்தது போன்ற தடயம் இருந்ததால், நேபாளத்தோடு தொடர்புடைய பலரின் மதிப்பெண்களை யுஎஸ்எம்எல்இ செல்லாததாக்கியது. அதைச் சொன்னபோது "அது அங்கே, இங்கே ஒன்றும் ஆகாது" என்றார். அந்தக் கோப்பைத் திறக்காமலே அழித்தேன். என் உரிமத்துக்கு அவரா பொறுப்பேற்பார்?

அடுத்து, தேர்வு தேதி எடுத்துத் தருகிறேன், விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல்லும் பாஸ்போர்ட் நகலும் அனுப்புங்கள் என்று கேட்டார். மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே சீனியர் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் கண்ணாடித் தம்ளரை மேசையில் வைத்துவிட்டு, "ஏம்மா, உன் பேருல அவன் தேதிய கேன்சல் பண்ணா நீ எங்க போய் நிப்ப?" என்றார். அனுமதிச் சீட்டு வந்ததும், தேர்வு மையங்களை நடத்தும் புரோமெட்ரிக் நிறுவனத்தின் தளத்தில் நாமே தேதி எடுக்கலாம். இடையில் ஆள் தேவையே இல்லை.

'தோற்றால் பணம் திரும்ப' என்பதும் வெறும் பேச்சு, பணம் வந்தாலும் தோல்வி போகாது. 2022 ஜனவரி முதல் ஸ்டெப் 1-க்குத் தேர்ச்சி, தோல்வி மட்டும்தான். ஒரு முறை தோற்றால் அது ஆவணத்தில் நிரந்தரமாக நிற்கும், அனுமதிக்கப்படுவதோ நான்கு முயற்சிகள். நான் தேதியைத் தள்ளிவைத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். தொண்ணூறு சதவீத வருகை இல்லை என்றார். நடக்காத வகுப்புக்கு எப்படி வருவது என்று கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

பணம் அனுப்பும் முன் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் மோசடிப் புகார் உள்ள எண்களைக் காட்டும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தேடுங்கள், நிறுவனம் எஸ்எஸ்எம் எனும் நிறுவனப் பதிவு ஆணையத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இன்று நேற்று பணம் போனவர்கள் உடனே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள். என்னுடையது பழைய விவகாரம் என்பதால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போனேன். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை.

விசாரணை இன்னும் வரவில்லை. அந்தப் பதினோரு பேரில் என்னைத் தவிர நான்கு பேர் ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஆறு பேர் இருக்கிறார்கள். நீங்கள் அந்த ஆறு பேரில் ஒருவரென்றால், வெட்கப்பட்டு எதையும் அழித்துவிடாதீர்கள், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.