நூறு எம்பி பொதுவழி

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு பார்க்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "மாப்ள, நீ வெச்சிருக்கிற அதே லேப்டாப் ரீஃபர்பிஷ்டுல நல்லா விலை இறங்கியிருந்துச்சு, வாங்கிட்டேன். உன்ன மாதிரியே விண்டோஸும் லினக்ஸும் சேத்துப் போட்டுக்கலாம்னு இருக்கேன். ஒரு மணி நேர வேலைதான?"

ஒரு மணி நேரம். 2021இலிருந்து அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் தவணையில் கட்டிக்கொண்டிருக்கிறேன். போனில் விளக்க ஆரம்பித்தால் மலையில் பாதிப் பேச்சில் சிக்னல் போய்விடும். அதனால் எழுதிவிடுகிறேன்.

லேப்டாப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸில் பார்த்தால் 476 என்று காட்டும். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கீபோர்டில் நாலைந்து எழுத்து தேய்ந்திருக்கிறது. மற்றபடி உழைக்கிற வண்டி.

எனக்கு இரண்டும் ஏன் தேவை என்றால், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம் அப்பாவின் கொலுசுப் பட்டறை. டேலி, ஜிஎஸ்டி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் விண்டோஸில். மாடியில் என் புரோகிராமிங் வேலை லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்டில். காலையில் கீழே பில் போட்டுவிட்டு, மேலே வந்து ரீஸ்டார்ட் செய்தால் வேறு ஆளாகிவிடும் அந்த இயந்திரம். சித்திரை வெயிலில் விண்டோஸில் மாவு மில் மாதிரி இரையும் ஃபேன், மின்டில் இருக்கும் இடமே தெரியாது. இந்த ஒரு சுகத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்கிறேன்.

சரி, பொறுத்துக்கொண்டவற்றுக்கு வருவோம்.

முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. சி டிரைவைச் சுருக்கி லினக்ஸுக்கு இடம் எடுக்க வேண்டும். 300 ஜிபிக்கு மேல் காலி. ஆனால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட், சுருக்கக் கிடைப்பது 9 ஜிபிதான் என்றது. காரணம் எளிது: நகர்த்த முடியாத கோப்பு ஒன்று டிரைவின் கடைசியில் போய் உட்கார்ந்திருந்தால், அதைத் தாண்டி இந்தப் பக்கம் சுருக்க முடியாது. கணினி தூங்கப் போகும்போது நினைவகத்தை எழுதிவைக்கும் ஹைபர்னேட் கோப்பு, நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் பேஜ் ஃபைல், பழைய நிலைக்குத் திரும்ப சிஸ்டம் ரிஸ்டோர் வைத்திருக்கும் பிரதிகள் எல்லாம் அந்த வகை. எது தடுக்கிறது என்று தெரிய வேண்டுமா, விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதியில் 259 என்ற எண்ணைத் தேடினால் கோப்பின் பெயரோடு இருக்கும். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து ரீஸ்டார்ட் செய்தேன், கேட்ட 180 ஜிபி கிடைத்தது. இது தெரியாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை, சிதறிய கோப்புகளை ஒழுங்காக அடுக்கும் டீஃபிராக்கை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எஸ்எஸ்டிக்கு டீஃபிராக் வேண்டியதில்லை என்பதும் அன்று மாலைதான் தெரியும்.

அடுத்தது, மின்ட் இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே கண்ணில் படவில்லை. இடம் ஒதுக்கிவிட்டு வந்து பார்த்தால் பட்டியலில் பென் டிரைவ் மட்டும் இருக்கிறது. கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸில், டிஸ்க்கோடு பேசும் வழி இன்டெலின் ஆர்எஸ்டி முறையில் இருந்ததுதான் காரணம். அதை எல்லோருக்கும் பொதுவான ஏஹெச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டு நேராக மாற்றினேன், விண்டோஸ் நீலத்திரை காட்டியது. முறை என்னவென்றால், முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும்) எழும்படி சொல்லிவைத்து, அப்புறம் பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழுந்த பிறகு பழையபடி ஆக்க வேண்டும். விண்டோஸ் புது டிரைவரை அந்த நேரத்தில்தான் பழகிக்கொள்ளும்.

பயாஸில் கைவைத்ததால், விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் விழித்துக்கொண்டு 48 இலக்கச் சாவியைக் கேட்டது. சாவி இருந்தது தங்கச்சியின் மெயில் கணக்கில், ஏனென்றால் லேப்டாப்பை முதலில் பிரித்து செட் செய்தது அவள். அவள் கோயம்புத்தூரில். ஆறாறு இலக்கமாக எட்டு தொகுதி, போனில் அவள் படிக்க நான் தட்ட வேண்டும். இதில் ஒரு அழகான விஷயம் உண்டு: ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியில்லாமல் வகுபடும். அதனால் ஒரு இலக்கம் தப்பானால் அந்தத் தொகுதியிலேயே தெரிந்துவிடும், 48ஐயும் முதலிலிருந்து அடிக்க வேண்டியதில்லை. இதை யோசித்தவர் தங்கச்சியிடம் போனில் நம்பர் கேட்டு வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும். அன்றே அந்தச் சாவியைப் பட்டறைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். நான் செய்ததிலேயே உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று பின்னால் தெரிந்தது.

இதெல்லாம் ஒருநாள் கூத்து, முடிந்தால் முடிந்தது. பில்லில் நேரம் ஐந்தரை மணி பின்னால் அச்சானதும் அப்படித்தான். லினக்ஸ் இயந்திரத்தின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதை நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். காலை பத்து மணி பில்லில் நாலரை என்று வரும். ஒரே கட்டளையில் சரியாகிவிடும்.

நான்கு வருடமாக என்னை விடாமல் அரிப்பது வேறு. 100 எம்பி.

யூஇஎஃப்ஐ (பயாஸின் புதுத் தலைமுறை) கணினிகளில் டிஸ்க்கின் தலைமாட்டில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்று ஒரு சின்னப் பாகம் இருக்கும். எந்த இயங்குதளமாக இருந்தாலும் எழுந்திருக்கத் தேவையான முதல் கோப்பு அங்கேதான். விண்டோஸை நிறுவும்போது சாதாரண டிஸ்க்கில் அதற்கு 100 எம்பி ஒதுக்கும், 4கே செக்டர் (4096 பைட் துண்டுகளாக எழுதும்) டிஸ்க் என்றால் 260. என் தாத்தா வீட்டைப் பெரியப்பாவும் அப்பாவும் பிரித்துக்கொண்டபோது பத்திரத்தில் நாலடி பொதுவழி என்று எழுதினார்கள். பெரிய அறைகளுக்காக யாரும் சண்டை போட்டதில்லை. இருபது வருடச் சண்டை முழுக்க அந்த நாலடியில்தான், யார் செருப்பு, யார் சைக்கிள், யார் வீட்டுத் தண்ணீர் என்று. இந்த 100 எம்பி அதே சங்கதி.

நியாயமாகச் சொன்னால் விண்டோஸ் தனியாகக் குடியிருந்தால் 100 எம்பி தாராளம். அதன் பூட் கோப்புகள் 30 எம்பி போல எடுக்கின்றன. மின்டை எழுப்பிவிடும் பூட்லோடரான கிரப் சில எம்பிதான், மின்டின் மையப் பகுதியான கர்னல் லினக்ஸ் பாகத்திலேயே இருந்துகொள்ளும். ஆக, இருவரும் சேர்ந்தாலும் பாதிகூட ஆகவில்லை. பிறகு யார் நிரப்பியது? லேப்டாப் தயாரித்தவர்கள். ஒவ்வொரு பயாஸ் அப்டேட்டுக்கும் பழைய ஃபர்ம்வேரின் (பயாஸ் மென்பொருளின்) பிரதியை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பாகத்துக்கு விண்டோஸில் சி, டி மாதிரி டிரைவ் எழுத்து கிடையாது, மை கம்ப்யூட்டரில் தெரியாது. நிரம்பியது நமக்கு எப்படித் தெரியும்?

2025 செப்டம்பரில் தெரிந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது என்பதால் 11க்கு மாற உட்கார்ந்தேன். பாதி தூரம் போய், சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைப் புதுப்பிக்க முடியவில்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிட்டது. எந்தப் பார்ட்டிஷன், ஏன் முடியவில்லை, ஒன்றும் இல்லை. சி டிரைவில் 90 ஜிபி காலியாக இருக்கிறது, இடம் போதவில்லை என்று யாருக்குத் தோன்றும்? இரண்டு ராத்திரி போனது. கடைசியில் மின்டில் போய்ப் பார்த்தால் அந்த 100இல் 11 எம்பிதான் மிச்சம். பழைய ஃபர்ம்வேர் பிரதிகளை வெளியே எடுத்து வைத்தேன், பூட் ஃபோல்டருக்குள் இருந்த எழுத்துரு கோப்புகளை நீக்கினேன், மேம்பாடு பத்து நிமிடத்தில் தாண்டியது.

அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது. கர்னலையே இஎஃப்ஐ பாகத்தில் வைக்கும் இன்னொரு லினக்ஸைப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்த இன்ஸ்டாலர் 100 எம்பியைப் பார்த்ததுமே ஆகாது என்றுவிட்டது.

பெரிதாக்கிவிட வேண்டியதுதானே என்று நண்பன் கேட்பான். முடியாது, மாப்ள. டிஸ்க்கில் வரிசை இப்படி: இஎஃப்ஐ, அதை ஒட்டி 16 எம்பியில் விண்டோஸுக்கென ஒரு ரிசர்வ்டு பாகம், அதை ஒட்டி சி டிரைவ். இஎஃப்ஐ வளர வேண்டுமென்றால் சி டிரைவின் தலையை நகர்த்த வேண்டும். தலையை நகர்த்துவது என்றால் உள்ளே இருக்கும் அத்தனையையும் ஒருமுறை பெயர்த்து எழுதுவது. அதற்கும் முன்னால் பிட்லாக்கரை முழுதாக எடுக்க வேண்டும், பூட்டிய பாகத்தின் அளவை லினக்ஸின் பார்ட்டிஷன் கருவி ஜிபார்ட்டெட் மாற்றாது. நடுவில் கரண்ட் போனால் இரண்டு வீடும் போச்சு. லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே என்றால், நான்கு வருடப் பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கும்.

அதனால் வேறு வழி செய்தேன். ஒரே டிஸ்க்கில் இரண்டு இஎஃப்ஐ பாகம் இருக்கலாம், தடையில்லை. லினக்ஸைப் பென் டிரைவிலிருந்தே லைவாக (டிஸ்க்கில் நிறுவாமல்) எழுப்பி (ஓடிக்கொண்டிருக்கும்போது லினக்ஸ் பாகத்தைச் சுருக்க முடியாது) லினக்ஸ் பக்கம் 1 ஜிபி எடுத்து, ஃபேட்32 ஆக்கி, இது இஎஃப்ஐ பாகம் என்று அடையாளம் காட்டும் பூட், இஎஸ்பி கொடிகளை அதற்குப் போட்டேன். இதில் ஒரு பொறி உண்டு. நாம் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் இருக்கும் இஎஃப்ஐயிலேயே பூட்லோடரைப் போடும் இன்ஸ்டாலர்கள் இருக்கின்றன. பழைய பாகத்தின் கொடிகளைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு, நிறுவி முடித்ததும் திரும்பப் போட வேண்டும். திரும்பப் போட மறந்தால் விண்டோஸ் பிரச்சினை தனிக்கதை.

ஆக எனக்கென்று தனி வாசல். மூன்று மாதம் ராஜா மாதிரி இருந்தேன். புது லினக்ஸ் ஒரு வாரத்தில் சலித்து மின்டுக்கே திரும்பியது வேறு விஷயம், வாசல் வாசல்தான்.

போன மாதம் பட்டறையில் கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில் மதர்போர்டின் சார்ஜிங் பகுதி எரிந்தது. ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். மூன்றாம் நாள் போன். "அண்ணா, போர்டு மாத்தியாச்சுங்ண்ணா. ஆனா பார்ட்டிஷன் எல்லாம் கரப்ட் ஆயிடுச்சு. ஃபார்மட்தான் போடணும். டேட்டா வேணும்னா ரெகவரி சார்ஜ் தனியா ஆகும்."

கையில் இருந்த டீயை வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். டிஸ்க்கை மட்டும் தொடாதீங்க என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அங்கே திரையில் அதே நீலம். புது போர்டின் பயாஸ் தன் வழக்கப்படி ஆர்எஸ்டியில் நின்றுகொண்டிருந்தது. ஏஹெச்சிஐக்கு மாற்றினேன். போர்டு மாறியதால் பிட்லாக்கரின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப்பும் புதிது, பிட்லாக்கர் சாவி கேட்டது. அப்பாவுக்குப் போன் போட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வெள்ளி வாங்கிய கணக்குக்குக் கீழே இருந்த 48 இலக்கத்தைப் பார்த்து, எந்த பேங்க் கணக்குடா இது என்று கேட்டார். விண்டோஸ் எழுந்தது. ஒன்றும் கரப்ட் ஆகவில்லை.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் இருக்கிறது. பார்ட்டிஷன் போய்விட்டது என்று சொல்லும் முன் லைவ் பென் டிரைவில் ஒருமுறை எழுப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? எத்தனை பேர் சரி ஃபார்மட் போடுங்க என்று தலையாட்டிவிட்டுக் கல்யாணப் படங்களை இழந்திருப்பார்கள்? ஆனால் போர்டு வேலை சுத்தம், சொன்ன தேதியில் சொன்ன காசுக்குச் செய்தான். அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் மின்ட் மட்டும் வரவில்லை. எந்த வாசல் யாருடையது என்ற குறிப்பு மதர்போர்டின் நினைவகத்தில் இருப்பது. போர்டு போனதும் குறிப்பும் போய்விட்டது. புது போர்டு வழக்கமான இடத்தில் தேடியது, பொதுவழியில் விண்டோஸ் நின்றுகொண்டிருந்தது, அதையே எழுப்பிவிட்டது. நான் பெருமையாகக் கட்டிய தனி வாசலுக்குக் கதவு எண் இல்லை. பழைய 100 எம்பியிலேயே இருந்திருந்தால்கூட இதே கதிதான் என்று மனதுக்குத் தெரிந்தாலும் எரிச்சல் அடங்கவில்லை. லைவில் எழுப்பி, ஒரு வரியில் புதுப் பதிவு எழுதினேன். பத்து நிமிடம்.

சரி, உனக்கு என் பதில். லேப்டாப் நல்ல லேப்டாப், வாங்கியது தப்பில்லை. மின்ட் அருமை. இரண்டும் ஒரே இயந்திரத்தில் இருப்பது இத்தனைக்குப் பிறகும் எனக்கு வசதி. ஆனால் ஒரே டிஸ்க்கில் போடாதே, வேண்டவே வேண்டாம். அடிமூடியைக் கழற்றினால் இரண்டாவது எஸ்எஸ்டிக்கு ஒரு இடம் காலியாக இருக்கிறது. போன மாதம் அந்தக் கடைப் பையன் திறந்து காட்டும்வரை எனக்கே தெரியாது. அதில் ஒரு சின்ன டிஸ்க்கைப் போட்டு லினக்ஸை அங்கே வை. நான் இன்னும் போடவில்லை, இப்போது எல்லாம் ஓடுகிறது, கைவைக்க மனமில்லை.

இதை எழுதி முடிக்கும் முன்பே நேற்று ராத்திரி அவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். சி டிரைவைச் சுருக்கக் கிடைக்கும் அளவு: 6,912 எம்பி. கீழே ஒரு கேள்விக்குறி.

ஹைபர்னேட்டை அணை என்று பதில் போட்டேன்.