கை நடுக்கமா, டியூப் லைட்டா? வீ.ஆரில் தையல் பழகிய ஒன்றரை வருடம்

சத்திரசிகிச்சைப் பிரிவில் பயிற்சி டொக்டர் நான். ஹட்டனில் வீட்டு முன்னறையில் ஒன்றரை வருடமாக வீ.ஆர். (வேர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட் மாட்டிக்கொண்டு, மெல்லிய இரத்தக்குழாய்களைத் தைக்கும் நுண் தையல் பழகுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது, நான்கு கெமரா உள்ள வகை. கையில் பிடிக்கும் கொன்ட்ரோலரில் இருக்கும் அகச்சிவப்பு விளக்குகளைப் பார்த்துக் கை எங்கே என்று அதுவே கணக்குப் போடும்.

முதல் மூன்று மாதம் என் கைமேலேயே சந்தேகம். ஹெட்செட்டுக்குள் தெரியும் ஊசியின் முனை துடித்துக்கொண்டே இருந்தது. செக்கனுக்கு 8 முதல் 12 தடவை வரை சிறு நடுக்கம் எல்லோருக்கும் இருப்பதுதான். எனக்குக் கூடுதலோ என்று பயம். ஒருநாள் கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தேன். யாரும் தொடாமலே ஊசி ஆடியது!

குற்றவாளி டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பழைய சோக் டியூப் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். ஹெட்செட்டின் கெமராவோ 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏற்ப வைக்கப்பட்டிருந்தது. 50க்கு மாற்றியதும் பாதி ஆட்டம் அடங்கியது. வெறும் வெள்ளைச் சுவரில், ஹெட்செட் தன் இடத்தைக் கணிக்கக் கெமராவுக்குப் பிடிமானம் இல்லை. பழைய காலண்டர் நாலைந்தை மாட்டினேன். மூடுபனி விலகி வெயில் உள்ளே விழுந்தால் கொன்ட்ரோலர் காணாமல் போகும், வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறதே. கனத்த திரைச்சீலை போட்டேன்.

தீராத தலைவலி, இரண்டு கையும் நெருங்கும்போது ஒன்று மற்றதை மறைப்பது. முடிச்சுப் போடும் நேரத்தில் இடக்கை திடீரென்று ஓரடி தள்ளிக் குதிக்கும். மேசையைத் தாழ்த்திய பிறகு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆட்டத்தைக் குறைக்க ஸ்மூதிங்கை, அதாவது அசைவைச் சமன்செய்யும் அளவைக் கூட்டினால் ஊசி கைக்குப் பின்னால் இழுபட்டு வருகிறது. கை மெதுவாகப் போனால் அதிகமாகவும் வேகமாகப் போனால் குறைவாகவும் சமன்செய்யும் வன் யூரோ ஃபில்டர் 2012இலேயே வந்துவிட்டது. அதுபோல ஒன்று நான் தையல் பழகும் செயலிக்கு வந்தது போன வருடம்தான்.

மிச்ச நடுக்கத்துக்கு வழி சொன்னது அம்மா. “ஊசியில நூல் கோக்கணும்னா முழங்கைய ஊண்டிக்கணும்பா.” இரண்டு முழங்கைக்கும் மடித்த துவாய். சரியாகிவிட்டது.

ஆனாலும் நுண் தையலுக்கான 10-0 என்ற மிக மெல்லிய நூலின் தடிப்பு 0.03 மில்லிமீற்றருக்கும் குறைவு. இந்த ஹெட்செட் பிடிப்பது மில்லிமீற்றர் அளவில். ஊசி நுழையும் கோணம், வேலையின் ஒழுங்கு, இவற்றுக்கு நல்லது. நூலின் இழுவை கையில் தெரியவே தெரியாது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை கோழித் தொடை வாங்கி அதன் இரத்தக்குழாயில் தைக்கிறேன். முடிந்ததும் அம்மா அதைக் குழம்புக்குக் கேட்பார். நூல்களை எண்ணி எடுத்துவிட்டுத்தான் கொடுப்பேன்.