பழைய 386-க்கு எந்த டாஸ்?

மதுரை கீழமாசி வீதிக் கடைப் பரணில் கிடக்கும் 386 பெட்டியை (இன்டெல் 386 சில்லு வைத்த பழைய கம்ப்யூட்டரை) தூசி தட்டிப் பழைய கணக்கை எடுக்க நினைப்பவர்களுக்கு மூன்று டாஸ்கள், அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள், உண்டு: எம்எஸ்-டாஸ் 3.3, எம்எஸ்-டாஸ் 5.0, டிஆர்-டாஸ் 6.0. எங்கள் ஓட்டு 5.0-க்கு.

எதைப் போடும் முன்னும் மதர்போர்டைப் பாருங்கள். கீபோர்டு சொருகும் இடத்தருகே பீப்பாய் போல 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கும். சுற்றிலும் பச்சை பூத்திருந்தால் கசிந்துவிட்டது என்று அர்த்தம். கரன்ட் கொடுக்காமல் கத்தரித்து எடுத்து, வினிகரால் துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவிடுங்கள். பேட்டரி செத்தால் பயாஸுக்கு (பெட்டியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளுக்கு) ஹார்டு டிஸ்க்கும் மறந்துவிடும். டிஸ்க் லேபிளில் உள்ள சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை பயாஸ் அமைப்பில், நாமே எண் தரும் டைப் 47-இல் அடித்துச் சேமிக்க வேண்டும்.

3.3 (1987) சிக்கனமானது. ஆனால் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரிக்கும் ஒரு பகுதி) 32 எம்பி-யைத் தாண்டாது. 40 எம்பி டிஸ்க்கை இரண்டாக வெட்டித்தான் ஆக வேண்டும். 4.0 அந்தத் தடையை உடைத்தது, பதிலுக்கு மெமரியைத் தின்றது. விட்டுவிடலாம்.

டிஆர்-டாஸ் 6.0 (1991) கேரி கில்டால் தொடங்கிய டிஜிட்டல் ரிசர்ச் நிறுவனம் தந்தது. ஐபிஎம் பிசி வந்த புதிதில் அதற்கு பிசி-டாஸ் (ஐபிஎம் பெயரில் வந்த எம்எஸ்-டாஸ்) 40 டாலர், அதற்குப் போட்டியான இவர்களுடைய சிபி/எம்-86 240 டாலர். யார் வாங்குவார்கள்? தொழில்நுட்பத்தில் மட்டும் குறை சொல்ல முடியாது. அழித்த ஃபைலைப் பிடித்து வைக்கும் டெல்வாட்ச் அருமை. சூப்பர்ஸ்டோர் என்ற டிஸ்க் சுருக்கியும் கூடவே வரும். ஆனால் சுருக்கிய டிரைவ் முழுவதும் ஒரே ஃபைலுக்குள் இருப்பதால், எழுதும்போது கரன்ட் போனால் கணக்கு மொத்தமும் ஆபத்தில். நம் ஊர் கரன்டை நம்பி, யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

5.0 (1991) தன் பெரும்பகுதியை ஹை மெமரியில் (முதல் 1 எம்பி-க்கு மேலே உள்ள இடத்தில்) ஏற்றிக்கொள்ளும்; டாஸ் புரோகிராம்களுக்கான 640 கேபி-யில் 620 கேபி அளவுக்கு மிஞ்சும். டாஸ் தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் முதலில் ஹைமெம்.சிஸ், பிறகு இஎம்எம்386, அடுத்து டாஸ்=ஹை,யுஎம்பி. ஹைமெம் வரி விட்டுப்போனால் டாஸ் கீழேயே உட்காரும். பெரிய கணக்கு புரோகிராம் மெமரி போதவில்லை என்று நின்றுவிடும்.

கணக்கை மட்டும் எடுக்க வேண்டுமானால் ஹார்டு டிஸ்க்கில் எதையும் எழுத வேண்டாம். 5.0 ஃபிளாப்பியில் பூட் செய்யுங்கள். ஃபிளாப்பியிலிருந்து பெட்டி ஏ: டிரைவில் மட்டுமே பூட் ஆகும் என்பதால், அது 5¼ அங்குலமா 3½ அங்குலமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைல்களை நகலெடுத்த பிறகே டிஸ்க்கைச் சோதிக்கும் சிஹெச்கேடிஸ்க், அதுவும் முதலில் பிழையைத் திருத்தி எழுதும் /எஃப் இல்லாமல். 5.0-இன் முதல் வெளியீட்டில் சிஹெச்கேடிஸ்க் /எஃப் சில பெரிய பார்ட்டிஷன்களைக் கெடுக்கக்கூடும்; 5.0ஏ-வில்தான் சரிசெய்தார்கள்.